டி-க்கு முன்னால் ஒரு டாலர்க்குறி

விழுப்புரத்திலிருந்து நான் அடிக்கடி திண்டிவனத்துக்கு பஸ் ஏறுவதன் காரணத்தைக் கேட்பவர்களிடம், விதைக்கடை வைத்திருக்கும் சிநேகிதரைப் பார்க்க என்று சொல்லிவிடுவது வழக்கம். அவரைக் காட்டிலும் அவருடைய எக்செல் தாளைப் பார்க்கப் போகிறேன் என்றால் என் புத்தியைப் பற்றி வீண் சந்தேகம் எழும் அல்லவா?

அது மல்லாட்டை விதைக் கணக்கு. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்து, ஊரின் பெயரையே டி.எம்.வி. என்று சுருக்கித் தாங்கி, தேசமெங்கும் போன ரகங்களின் வம்சத்துக்கு ஏற்ற கணக்கு. ரகம், லாட் எண், மூட்டை, முளைப்புத்திறன், ஈரப்பதம், பரிசோதனைத் தேதி என்று ஏ முதல் எஃப் வரை ஆறு பத்திகள். சான்று விதையென்றால் முளைப்பு 70 சதவீதத்துக்குக் குறையலாகாது. ஈரம் 9-க்கு மேல் ஏறலாகாது. தவறிய லாட்டின் வரி முழுவதும் சிவக்க வேண்டும்.

அதற்கு அவர் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் எழுதியிருக்கும் சூத்திரம் ஒரு விரற்கடை நீளம்தான்: சமக்குறி, டாலர், டி, 2, சிறுகுறி, 70. இரண்டாம் வரியை மட்டும் நினைத்து எழுதிய அது, இருநூறு வரிகளிலும் தானே நடந்து போகிறது. சௌந்தரியம் முழுவதும் அந்த டாலரில்தான். அதை எடுத்துவிட்டால், லாட் எண்ணின் கட்டம் ஒரு பத்தி தள்ளி ஈரப்பதத்தைப் பார்த்து, 8 என்பது 70-க்குக் குறைவுதானே என்று அநியாயமாகச் சிவந்து நிற்கும்; 2-க்கு முன்னாலும் ஒரு டாலரைப் போட்டுவிட்டாலோ, இரண்டாம் வரியின் கதியே எல்லா வரிக்கும் கதி. உரல் அசையாமல் இருக்க மாடு சுற்றிவரும் செக்கைப் போலப் பத்தி நிலைத்து நிற்க, வரி மட்டும் நகர வேண்டும். எதைக் கட்டுவது, எதை அவிழ்த்துவிடுவது என்கிற சூட்சுமம் கைவந்தவரையே நான் ரசிகர் என்பேன்.

முதல் நாள் ஒரு விபரீதம் நேர்ந்தது. பரிசோதனைக்கே போகாத லாட்டுகளும் சிவந்துவிட்டன. வெறுங்கட்டத்தை எக்செல் பூஜ்யமாகக் கொள்ளும் என்பதை அவர் மறந்துபோனார். 'ஆண்ட்' என்ற சொல்லுக்குள், கட்டம் வெறுமையாக இல்லை என்ற இரண்டாம் நிபந்தனையையும் சேர்த்த பிறகே பழி நீங்கிற்று.

1997-ஆம் வருஷப் பதிப்பில் இந்த வசதி வந்தபோது ஓரிடத்துக்கு மூன்று நிபந்தனைகளுக்கு மேல் அனுமதியில்லை. 2007-இல் அந்தத் தளை அறுந்தது. கூடவே வர்ணப் படிகளும் அம்புக்குறிகளும் வந்து, பலருடைய தாள்கள் திருவிழாக் கடைவீதிபோல் ஆகிவிட்டன. மூன்றுக்குள் அடங்கிய காலமே உயர்ந்தது என்பது என் பிடிவாதமான அபிப்பிராயம். சிநேகிதரும் மூன்றைத் தாண்டியதில்லை.

அவருடைய மூன்றாவது சூத்திரம், பரிசோதனைத் தேதியோடு 'எடேட்' கொண்டு ஒன்பது மாதங்களைக் கூட்டி, 'டுடே' என்னும் இன்றைய தேதியோடு ஒப்பிடுவது. சான்றின் ஆயுள் அவ்வளவுதான். போன வாரம் நான் போயிருந்த காலையில் அவர் தாளைத் திறந்தார். முந்தின இரவு வெண்மையாக இருந்த பதினான்காம் வரி, யாரும் தொடாமலே மஞ்சளாகியிருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், அந்த லாட்டின் மூட்டைகளைச் சுவரோரம் தள்ளி வைத்தார்.