விடை சரி, வழி தப்பு: மேக்ஸ்வெல்லின் சிவப்பு ஃபில்டர்

'உலகின் முதல் கலர் போட்டோ' பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான். 1861 மே 17, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன். ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்லுக்காக தாமஸ் சட்டன் ஒரு கட்டம் போட்ட ரிப்பனை சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்கள் வழியாகத் தனித்தனியே படம் எடுத்திருந்தார். மூன்றையும் அதே ஃபில்டர்கள் வழியாகத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டினார்கள். கலர் வந்தது. சுபம்.

இதில் எனக்கு ஒரு உறுத்தல். அன்றைய ஈரக் கொலோடியன் தட்டுக்கு சிவப்பு தெரியவே தெரியாது; பச்சையும் ஏறக்குறைய அப்படித்தான். நீலப் படத்துக்கு 6 விநாடி போதுமாக இருந்தது, பச்சைக்கு 12 நிமிடம், சிவப்புக்கு 8 நிமிடம் பிடித்தது. சரி, சிவப்பே தெரியாத தட்டில் சிவப்புப் படம் எப்படி விழுந்தது?

பதில் 1961-ல் வந்தது. கோடாக்கைச் சேர்ந்த ரால்ஃப் எவன்ஸ் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தார். மேக்ஸ்வெல்லின் சிவப்பு ஃபில்டர் ஒரு இரும்பு தயோசயனேட் கரைசல். அது சிவப்போடு சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத புறஊதாவையும் கொஞ்சம் விட்டுவிடுகிறது. சிவப்புத் துணிச் சாயங்கள் பல புறஊதாவைப் பிரதிபலிக்கவும் செய்யும். தட்டில் பதிந்தது அதுதான். நம்ம பாஷையில் சொன்னால், கோடில் பிழை இருந்தும் டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சு.

மேக்ஸ்வெல்லைக் குறை சொல்ல முடியாது. மூன்று நிறக் கொள்கை சரிதான். சிவப்பும் பச்சையும் நீலம் அளவுக்குப் பதியவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு கதையை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் நாம்தான்.

'சிவப்பு ஃபில்டர் சிவப்பை மட்டும் விடும்' என்ற பாடப்புத்தக வரியும் இதே ரகம். ஃபில்டர் எந்த நிறத்தையும் சேர்ப்பதில்லை. வருகிற ஒளியில் சிலதை விழுங்கிவிட்டு மீதியை விடுகிறது. 'சிவப்பு' என்பது அந்த மீதி நம் கண்ணுக்குத் தெரிகிற விதம், அவ்வளவுதான். விளக்கு, பொருள், ஃபில்டர், பதிவு செய்யும் தட்டு: ஒவ்வொரு அலைநீளத்துக்கும் இந்த நாலையும் பெருக்கினால்தான் விடை வரும். ஒன்றை விட்டாலும் கணக்கு தப்பு.

இது பழங்கதை இல்லை. மொபைல் கேமராவின் சிலிக்கான் சென்சாருக்கு அகச்சிவப்பு தெரியும். பிக்சல்கள் மேலுள்ள சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்களும் அதைக் கசிய விடும். அதனால்தான் தனியாக ஒரு அகச்சிவப்புத் தடுப்பு ஃபில்டர் வைக்கிறார்கள். டிவி ரிமோட்டைக் கேமரா முன்னால் பிடித்து அழுத்திப் பாருங்கள். தடுப்பு சுமாராக இருக்கிற மொபைலில், வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒளி திரையில் மின்னும்.