புள்ளிராஜா யாரிடம் போனான்?

சுவரொட்டியும் ஒரு பிரதிதான். கவிதைக்கும் நாவலுக்கும் விமர்சனம் எழுதுகிற நாம் சுவரில் ஒட்டியதை விமர்சனத்துக்கு எடுப்பதில்லை. ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கிற நம்ம ஜனம் அதிகம் படித்தது சுவரைத்தான். அப்படித் தமிழ்நாடே படித்த ஒரு வரி 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்பது. பம்பாயில் 2002 கடைசியில் பல்பீர் பாஷா என்ற கற்பனை ஆளை வைத்து இதே கேள்வியைக் கேட்டார்கள். மறுவருஷம் அவன் தமிழில் புள்ளிராஜாவாக வந்து சேர்ந்தான். யார்ரா இந்தப் புள்ளிராஜா என்று டீக்கடைகளில் பேச்சு. ஊரில் ராஜா என்று பெயர் வைத்திருந்தவனெல்லாம் கேலிக்கு ஆளானான். விளம்பரம் என்ற வகையில் பெரிய வெற்றி.

அந்த நாட்களில் திருப்போரூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது ஒரு தம்பியோடு இதைப் பற்றிப் பேச்சு வந்தது. மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறை ஒன்றில் கல்லுக்குப் பாலீஷ் போடுகிற வேலை. சேரிக்காரன். கல்யாணமாகி ஒரு பிள்ளை. (அவன் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.) ஆம்பளைகளோடும் அவனுக்குப் பழக்கம் உண்டு என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். "நீ ஒறை போட்டுக்கிறியாடா?" என்று கேட்டேன். சிரித்தான். "இன்னாண்ணே நீ, அது பொம்பளைங்ககிட்டப் போறவனுக்கு வர்ற நோவு. நான் எங்க போறேன்?"

படிக்காதவன், விவரம் தெரியாதவன் என்று அவனைத் தள்ளிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவன் தப்பாக வாசிக்கவில்லை தோழர்களே. பிரதியில் என்ன இருந்ததோ அதைத்தான் வாசித்தான். புள்ளிராஜா கதையில் ஓர் ஆண் இருக்கிறான், அவன் தேடிப்போகிற ஒரு பெண் இருக்கிறாள். அந்தப் பெண்ணிடமிருந்து நோய் வருகிறது. ஆண் ஆணிடம் போகிற கதை அங்கே இல்லை. எழுதாமல் விட்ட இடத்தை அவன் தனக்குச் சாதகமாக நிரப்பிக்கொண்டான். சொல்லாமல் விட்டதும் ஒரு சேதியாகப் போய்ச் சேர்ந்தது. நம்மைப் பற்றிச் சொல்லவில்லையா, அப்போ நமக்கு வராது.

இந்தக் கதை எங்கே எழுத ஆரம்பிக்கப்பட்டது? 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். ரத்தம் கொடுத்தவர்கள் அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளப் பெண்கள். கண்டுபிடிப்பு மகத்தானது, மறுக்கவில்லை. ஆனால் நோய் இருப்பதாகத் தெரிந்த பெண்களை அதன்பிறகும் விடவில்லை. பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் உயர்நீதிமன்றத்துக்குப் போய் 1990இல்தான் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. ஆக, இந்த நாட்டில் எய்ட்ஸ் பற்றிய முதல் அத்தியாயமே அடைபட்ட பெண்ணின் உடம்பில் எழுதப்பட்டது. பிறகு வந்த சுவரெழுத்தெல்லாம் அந்த அத்தியாயத்தைத்தான் திருப்பித் திருப்பி எழுதியது. 'தவறான பெண்'ணிடம் போகாதே. 'ஒருவனுக்கு ஒருத்தி' என்று இரு.

ஒருவனுக்கு ஒருத்தி என்பது மருத்துவமா, ஒழுக்கமா? மருத்துவம் என்றால், அந்த ஒருவனுக்குத் தொற்று இருந்தால் ஒருத்தியை எது காப்பாற்றும் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. ஒழுக்கம் என்றால், யாருடைய ஒழுக்கம் என்று நாம் கேட்க வேண்டும். அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் படித்த கட்டுரையில் சாதியின் உயிர்நாடி அகமணம்தான் என்று காட்டினார். யார் யாரோடு படுக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தாமல் சாதி ஒரு நாள்கூட நிற்காது. அந்தக் கட்டுப்பாட்டின் செல்லமொழிதான் கற்பு, குடும்ப மானம், ஒருவனுக்கு ஒருத்தி எல்லாம். நம் தம்பிக்குக் கல்யாணம் நடந்ததும் அந்தக் கட்டுப்பாட்டில்தான். "வேணாம்னு சொல்ல வாய் வரலண்ணே, அம்மா அழுவுது" என்றான். நோயைத் தடுக்க வந்தவர்கள் சாதியைக் காக்கிற மொழியைக் கையில் எடுத்தால், அந்த மொழிக்குள் இடமில்லாதவனுக்குத் தடுப்பும் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு மொழி வளர்ந்தது. 1998இல் சுனில் மேனன் சென்னையில் 'சகோதரன்' அமைப்பைத் தொடங்கினார். கோத்திகளுக்கு நடுவில், அவர்களுக்குள்ளிருந்தே ஆட்களைச் சேர்த்து வேலை நடந்தது. பூங்காவிலும் கடற்கரையிலும் ராத்திரி நேரத்தில் போய் உறை கொடுத்தவர்கள், கூடவே உட்கார்ந்து அழுகையைக் கேட்டவர்கள் அவர்கள். இன்று தொற்று குறைந்திருக்கிறது என்றால் அந்தக் கால்நடைக்கு அதில் பங்குண்டு. அதைச் செய்தவர்கள் சட்டத்துக்குப் பயந்து பயந்துதான் செய்தார்கள். 2001இல் லக்னோவில் இதே வேலையைச் செய்தவர்களைப் போலீஸ் பிடித்து உள்ளே வைத்தது. 377ஆவது பிரிவு கையில் இருந்தது, வேறென்ன வேண்டும்.

ஆனால் திட்ட அறிக்கைகளின் மொழி வேறு. அங்கே மனிதனுக்குப் பெயர் 'எம்.எஸ்.எம்.'. ஆணோடு உறவு கொள்ளும் ஆண் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 'உயர் ஆபத்துக் குழு', 'இலக்கு மக்கள்' என்பவை கூடுதல் பட்டங்கள். இலக்கு என்றால் அம்பு விடுகிற இடம். செங்கல்பட்டுக்காரர்களான நமக்கு இந்த அனுபவம் புதுசில்லை. 1891இல் கலெக்டர் திரமென்ஹீர் செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றி அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலம் அதிலிருந்துதான் வந்தது. அந்த நிலத்தை மீட்கப் போய், 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். இதில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. கணக்கில் வராதவனுக்குப் பட்டா கிடையாது. இது ஒன்று. அடுத்தவன் எழுதிய கணக்கு காகிதத்தில் இருந்தால் மட்டும் நிலம் கைக்கு வந்துவிடாது. நாமே வாய் திறந்து கேட்க வேண்டும். இது இன்னொன்று. எம்.எஸ்.எம். என்ற கணக்கால் உறை வந்தது, மருந்து வந்தது. மரியாதை வரவில்லை. நம் தம்பி அந்தக் கணக்கிலும் சேரவில்லை. அவன் கோத்தி இல்லை. புடவை கட்டுகிறவன் இல்லை. பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிற, ரேஷன் கார்டில் குடும்பத் தலைவராகப் பதிந்திருக்கிற ஆள். புள்ளிராஜாவும் அவன் இல்லை, இலக்கும் அவன் இல்லை.

இப்போது நம் பக்கம் வருவோம். தலித் எழுத்து உடலைப் பேசியது. மலத்தைப் பேசியது, மாட்டுக்கறியைப் பேசியது, ஆண்டை வீட்டுக் கட்டிலையும் பேசியது. நம்ம சேரியில் ஆணை விரும்புகிற ஆணை எத்தனை இடத்தில் பேசியிருக்கிறோம்? நம் மேடைகளில் எதிரியைத் திட்ட என்ன வார்த்தை வருகிறது? 'பொட்டப்பய', 'ஒம்போது'. கூட்டத்தில் கைதட்டல் பறக்கிறது. அந்தக் கூட்டத்தின் பின்வரிசையில் கொடி பிடித்து நிற்கிறவனில் ஒருத்தனுக்கு அது எப்படிக் கேட்கும் என்று யோசித்திருக்கிறோமா? சாதிப்பெயரை வசவாக்கினால் கொதிக்கிற நாம், இன்னொருத்தன் பிறப்பை வசவாக்கிவிட்டுச் சாதாரணமாக மைக்கை அடுத்தவரிடம் கொடுக்கிறோம். நானும் பேசியிருக்கிறேன். அந்தத் தம்பி கீழே நின்று கேட்டிருக்கிறான்.

அம்பேத்கர் இப்படி இல்லை. மராட்டியில் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற பத்திரிகையில் பாலியல் கேள்விகளுக்குப் பதில் எழுதிய ர.தோ. கார்வே மீது ஆபாச வழக்குப் போட்டார்கள். 1934இல் அவருக்காக வாதாடப் போனவர் அம்பேத்கர். சுயஇன்பம், தன்பாலுறவு பற்றி வாசகர்கள் கேட்டதும் அதில் வழக்காகியிருந்தது. மனுஷன் கேட்கிறான், அறிவியல்படி பதில் சொல்வதில் என்ன ஆபாசம் என்பதுதான் வாதத்தின் சாரம். வழக்கு தோற்றது. ஆனால் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் அவர் நின்ற இடத்துக்கு நாம் இன்னும் வந்து சேரவில்லை.

தம்பி கதைக்கு வருகிறேன். 2006இல் இருமல் பிடித்தது. இளைத்துப் போனான். பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போகச் சொன்னால் மாட்டேன் என்றான். "அங்க ஊர்த்தெரு ஆளுங்க வேல பாக்குறாங்கண்ணே. ஏற்கெனவே சேரிப் பையன். இதுவும் தெரிஞ்சா?" அவனுக்கு வாசல் ஒன்றில்லை, இரண்டு. முதல் வாசலில் சாதி, அடுத்த வாசலில் இது. கடைசியில் தாம்பரம் சானடோரியத்துக்குக் கூட்டிப்போனோம். 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டில் முதன்முதலாக எட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதில் தாம்பரமும் ஒன்று. அவன் பிழைத்தான். ஆனால் சோதித்ததில் அவன் மனைவிக்கும் இருந்தது. அந்தப் பெண் யாரிடமும் போகவில்லை. ஒருவனுக்கு ஒருத்தியாகத்தான் இருந்தாள். புள்ளிராஜாவின் மனைவிக்கு எய்ட்ஸ் வருமா என்று எந்தச் சுவரும் அவளிடம் கேட்கவில்லை.

விமர்சகன் குறை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகக்கூடாது. அந்தச் சுவரில் என்ன எழுதியிருக்க வேண்டும்? ஆணும் ஆணும் உறவு கொண்டாலும் எச்.ஐ.வி. வரும் என்று. ஆசனவாய்ச் சதை மெல்லியது, எளிதில் கீறும், அதனால் அந்த வழியில் ஆபத்து கூடுதல் என்று. உறை மட்டும் போதாது, தண்ணீர்த்தன்மையுள்ள வழுக்குக் களிம்பும் வேண்டும் என்று. தேங்காய் எண்ணெயும் வாசலினும் ரப்பர் உறையைக் கெடுத்துக் கிழிக்கும் என்று. 1968இல் வந்த நிரோத் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக வந்தது. புருஷன் பெண்டாட்டியை மனதில் வைத்த பிரச்சாரத்துக்கு இதெல்லாம் எழுதத் தோன்றியிருக்காது.

இன்றைக்குச் சொல்ல இன்னும் இருக்கிறது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால் உறவின் மூலம் அடுத்தவருக்குத் தொற்றாது. ஆபத்தான உறவு நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் தடுக்க வாய்ப்புண்டு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தொற்று வருமுன்பே தினமும் போட்டுக்கொள்கிற தடுப்பு மாத்திரையும் உண்டு. அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசம். 1097க்குப் போன் போட்டால் பெயர் சொல்லாமல் பேசலாம். 377ஐ 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம் முறித்துவிட்டது. மனம் ஒப்பிய வயது வந்தவர்களின் உறவு இப்போது குற்றமில்லை. அதே மாதம் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, தொற்றைக் காரணம் காட்டி வேலையைவிட்டு நிறுத்துவதும் சிகிச்சை மறுப்பதும் சட்டவிரோதம். 2022இல் தமிழ்நாடு அரசு மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. அரசிதழுக்கு வந்த சொல் நம் மேடைக்கு இன்னும் வரவில்லை.

தம்பியும் அவன் மனைவியும் இன்றைக்கும் மருந்து சாப்பிடுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். இதை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது அவன் கேட்டான். "எழுதுண்ணே. ஆனா அந்த நோட்டீஸ்ல எங்களப் பத்தி ஒரு வரி போட்டிருந்தா நான் அன்னிக்கே கேட்டிருப்பேனா, மாட்டேனா, அத்த மட்டும் சொல்லு." எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஒரு வரியைப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இந்த இதழைப் படிக்கிறவர்களில் அவனைப் போன்றவர்கள் உண்டு என்பது எனக்கு நிச்சயம். நீங்களே எழுதுங்கள். பேச்சுவழக்கிலேயே எழுதுங்கள். பெயர் போட வேண்டாம்.