விசாரணை மேஜையில் நடக்கும் சண்டை

பிரிட்டிஷ் அதிரடித் தொடர்களின் உச்சக்கட்டம் பெரும்பாலும் ஒரு மேஜையைச் சுற்றித்தான் நடக்கிறது. வட அயர்லாந்து நீங்கலாக, பிரிட்டனில் ரோந்து போகும் சாதாரணப் போலீஸ்காரரிடம் துப்பாக்கி கிடையாது. அதனால் அங்கே எழுதப்படும் போலீஸ் கதையில் சுடுவதைவிடப் பேசுவதே அதிகம். இதைப் பார்த்துவிட்டு ‘ரொம்ப மெதுவாகப் போகிறது’ என்று ஒதுக்குபவர்கள் ஒருபுறம். குரல் உடைந்து கத்தும் காட்சிகளை மட்டும் எடுத்துவைத்து ‘நடிப்பென்றால் இதுதான்’ என்று கொண்டாடுபவர்கள் மறுபுறம். இரு தரப்பும் ஆட்டத்தைத் தவறாகப் படிக்கின்றன. கேள்வி வந்து விழுந்த பிறகு உடனே பதில் சொல்வதா, காத்திருப்பதா என்று நடிகர் எடுக்கும் முடிவில்தான் இந்தத் தொடர்களின் வெற்றி தோல்வி இருக்கிறது.

அந்த முடிவுக்கு எடை கொடுப்பது சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலீஸ் விசாரணைக்கான நடைமுறைகளை 1984-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது, ஒலிப்பதிவு வழக்கமானது. 1994-இல் வந்த சட்டம் மௌனத்துக்கு ஒரு விலை வைத்தது. விசாரிக்கப்படுபவர் வாய் திறக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால், அங்கே சொல்லாமல் விட்ட ஒன்றைப் பிறகு நீதிமன்றத்தில் தன் தற்காப்பாக எடுத்துவைத்தால், ‘அன்றைக்கே ஏன் சொல்லவில்லை’ என்று ஜூரி அவருக்குப் பாதகமாக எடுத்துக்கொள்ளலாம். ஆகவே ‘சொல்வதற்கு எதுவும் இல்லை’ என்ற ஒற்றை வரிகூட அங்கே ஆபத்தான ஆட்டம். இது தெரிந்து பார்ப்பவருக்கு அந்தக் காட்சிகள் மெதுவாக நகர்வதாகவே தோன்றாது.

இந்த ஆபத்தை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது ஜெட் மெர்குரியோவின் ‘லைன் ஆஃப் டியூட்டி’. 2012-இல் பிபிசி டூவில் தொடங்கி, பின்பு பிபிசி ஒன்னுக்கு மாறி, 2021-க்குள் ஆறு சீசன்களைக் கண்டது. ஊழல் தடுப்புப் பிரிவான ஏசி-12 இங்கே விசாரிப்பது சக போலீஸ்காரர்களை. பதிவுக் கருவியை அழுத்தியதும் நீண்ட ‘பீப்’ ஒலி எழும். அது அடங்கும்வரை எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கும் யாரும் பேசுவதில்லை. தன்னைவிட ஒரு பதவியாவது மேலே இருப்பவர்தான் தன்னை விசாரிக்கவேண்டும் என்று கேட்கும் உரிமை, நாற்காலியில் இருப்பவருக்கு உண்டு. கேள்விக்குப் பதிலாக அந்த உரிமையை எடுத்து வீசும் தருணங்கள் பல துரத்தல் காட்சிகளைவிட விறுவிறுப்பானவை.

2014-இல் வந்த இரண்டாம் சீசனைப் பற்றிப் பேச்செடுத்தாலே, முதல் அத்தியாயத்தில் மருத்துவமனை ஜன்னலிலிருந்து ஓர் அதிகாரி தள்ளப்பட்டுச் சாவதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த சீசனைத் தூக்கி நிறுத்தியவர் வேறொருவர்: சாட்சியைப் பாதுகாப்பாகக் கொண்டுபோகும் வண்டிகள் தாக்கப்பட்டதில் உயிர் பிழைத்த பெண் இன்ஸ்பெக்டராக நடித்தவர். குற்றவாளியா பலிகடாவா என்பது கடைசி அத்தியாயம்வரை தெரியாத பாத்திரம். சாதாரண நடிகர் இந்த இரட்டைத்தன்மையைப் பார்வையாலும் புருவத்தாலும் காட்ட முயல்வார். இவர் எதையும் காட்டுவதில்லை. ஏற்ற இறக்கமில்லாத குரல், அசையாத தோள், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஓர் இடைவெளி. அதை ‘உணர்ச்சியற்ற நடிப்பு’ என்று குறை சொன்னவர்கள், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விடத் தெரிந்த தொடக்க ஆட்டக்காரரை ‘ரன் எடுக்கத் தெரியாதவர்’ என்று சொல்பவர்களைப் போன்றவர்கள். அந்த இடைவெளியில் அவர் எதிரே இருப்பவர்களை எடைபோடுகிறார். அதனால்தான் விசாரிப்பவர்களின் சொந்த வாழ்க்கை ரகசியத்தையே மேஜைமேல் எடுத்துப் போட்டு அவர் திருப்பித் தாக்கும்போது, அது திடீர்த் திருப்பமாக இல்லாமல் நெடுநேரம் தயாரான அடியாக விழுகிறது. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே ஆடப்பட்ட ஆட்டங்களில் இதற்கு இணையே இல்லை.

அதே மெர்குரியோ 2018-இல் எழுதிய ‘பாடிகார்ட்’ தொடரின் ரயில் காட்சியும் இந்த வகைதான். வெடிகுண்டு அங்கி அணிந்த பெண்ணோடு பேசிப் பேசியே நேரத்தை நகர்த்தும் காவலர், கடைசியில் போலீஸின் துப்பாக்கிகளுக்கும் அவளுக்கும் நடுவே தன் உடம்பைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். ஒரு தோட்டாகூட வெடிக்காத காட்சி அது. சாலி வெயின்ரைட்டின் ‘ஹேப்பி வேலி’யும் 2023-இல் தன் இறுதி மோதலைச் சமையலறை மேஜைக்குத்தான் கொண்டுவந்தது.

இவற்றிலெல்லாம் மௌனத்தின் நீளத்தைக் கடைசியில் தீர்மானிப்பது படத்தொகுப்பாளரின் கத்தரி. 2025-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘அடோலசன்ஸ்’ அந்தக் கத்தரியையே பிடுங்கிவிட்டது. நான்கு அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். மூன்றாவதில் பெரும்பகுதி ஓர் அறைக்குள் உளவியலாளரும் பதின்மூன்று வயதுச் சிறுவனும் மட்டுமே. அவனுக்காக அவர் சூடான சாக்லேட் பானமும் தன் சாண்ட்விச்சில் பாதியும் கொண்டுவருகிறார். சற்று நேரத்தில் அவன் எழுந்து கத்துகிறான். பானம் தரையில் சிதறுகிறது. சிறுவனின் வெடிப்புக்குப் பாராட்டு குவிந்தது, அது நியாயமும்கூட. ஆனால் அந்த வெடிப்புக்கு முகத்தில் பதிலே தராமல் உட்கார்ந்திருக்க எதிரே இருப்பவர் எடுத்த முடிவுதான் காட்சியைக் காப்பாற்றுகிறது. அவன் போன பிறகே அவர் உடைகிறார். கொஞ்சம் முன்னதாக உடைந்திருந்தால் அந்த ஒரு மணி நேரமும் வீணாகியிருக்கும்.

அடுத்த சில ஆண்டுகளில் ஒரே ஷாட் தொடர்கள் வரிசையாக வரும். அவற்றில் பெரும்பாலானவை தோற்கும். கேமரா நடந்துகொண்டே இருப்பதைச் சாதனையாக நினைத்து, கேட்பவரின் முகத்தை அவை தவறவிடும். ஓடிடி நிறுவனங்களின் அவசரத்தால் முதல் பத்து நிமிடத்தில் துரத்தலும் வெடிப்பும் கட்டாயமாகும். விசாரணை மேஜை கடைசி இரண்டு அத்தியாயங்களுக்குத் தள்ளப்படும். ஆறு அத்தியாயக் கட்டுப்பாட்டை விடாத தொடர்கள் மட்டும் இதற்கு ஈடுகொடுக்கும்; பத்துக்கு நீட்டுபவை மௌனத்தை நிரப்ப வசனம் எழுதிக் கெட்டுப்போகும். பெரிய நட்சத்திரத்தைக் குற்றவாளியாக உட்காரவைக்கும் வழக்கம் தொடரும் என்றாலும், மேஜையின் மறுபக்கத்துக்கு மேடை நாடகத்தில் பழகிய, அதிகம் அறியப்படாத ஒருவரைத் தேடிப் போகும் தயாரிப்பாளரே இந்தப் பத்தாண்டின் சிறந்த சஸ்பென்ஸ் தொடரைக் கொடுப்பார்.