‘ஸ்கிப்’ என்றொரு தீர்வு

டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகள் ஒரே மென்பொருளை எக்ஸ்86, ஏஆர்எம், பவர், ஐபிஎம் மெயின்ஃபிரேமின் எஸ்390எக்ஸ் என்று பல புரோசஸர்களுக்கும் கட்டுகின்றன. மற்ற எல்லாவற்றிலும் தேறிய டெஸ்ட் ஒன்றில் மட்டும் தோற்றால், இப்போது வழக்கமாகிவிட்ட மருந்து ஒற்றை வரிதான்: அந்தப் புரோசஸரில் இந்த டெஸ்டை ஸ்கிப் செய். இதற்கு ‘நடைமுறை அறிவு’ என்று பெயரும் சூட்டியாகிவிட்டது.

நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். சம்பளமில்லாமல் பராமரிப்பவர் வீட்டில் மெயின்ஃபிரேம் இருக்காது. எமுலேட்டரில் ஓட்டினால் பொழுது போய்விடும். சில நேரம் டெஸ்டே தப்பாக எழுதப்பட்டிருக்கும். சரி.

ஆனால் ஸ்கிப் ஒரு தீர்ப்பையும் சேர்த்தே எழுதுகிறது: எக்ஸ்86 சொல்வதே சரி, மற்றது கோளாறு. பெரும்பாலும் அது தவறான தீர்ப்பு.

‘கெட்சார்’ தரும் மதிப்பை ‘சார்’ மாறியில் வாங்கி, ‘இஓஎஃப்’ வரும்வரை கோப்பைப் படிக்கும் சி நிரலைப் பாருங்கள். ‘சார்’ குறை எண்களை ஏற்குமா என்பதை சி தரநிலை அந்தந்தக் கம்பைலருக்கே விட்டிருக்கிறது. ஏஆர்எம் லினக்ஸில் ஏற்காது. இஓஎஃப்பின் -1 அங்கே 255 ஆகிவிடும், லூப் முடியவே முடியாது, டெஸ்ட் தொங்கும். எக்ஸ்86இல் தேறிவிடும். ஆனால் கோப்பின் நடுவே 255 என்ற பைட் வந்தால், எக்ஸ்86 அதையே -1 என்று கொண்டு, கோப்பு முடிந்ததாகப் பாதியில் நிறுத்திவிடும். மீதித் தரவு போயே போச்சு; ஓர் எச்சரிக்கைகூட வராது. பிழை இரண்டிலும் இருக்கிறது. ஏஆர்எம் கத்துகிறது, எக்ஸ்86 விழுங்குகிறது. ‘சார்’ என்பதை ‘இன்ட்’ ஆக்கினால் இரண்டும் சரியாகும். ஸ்கிப் செய்தாலோ கத்தல் மட்டும்தான் நிற்கும்.

எஸ்390எக்ஸ் கதையும் இதுதான். அது எண்ணின் உயர் பைட்டுகளை முதலில் வைக்கும், எக்ஸ்86 கடைசியில் வைக்கும். அதனால் 8 பைட் எண்ணை 4 பைட்டாகப் படிக்கும் நிரல் அங்கே சின்ன எண்களுக்கே 0 தந்து மாட்டிக்கொள்ளும். எக்ஸ்86இல் எண் 32 பிட்டைத் தாண்டும் நாள்வரை ஒழுங்காகவே தெரியும். அந்த நாளில் டெஸ்ட் ஓடாது, வாடிக்கையாளரின் கணக்கு ஓடும்.

ஸ்கிப்பின் நாகரிகமான தம்பி, தசமக் கணக்கில் அனுமதிக்கும் வித்தியாசத்தைக் கூட்டிவிடுவது. 64 பிட் ஏஆர்எம்மில் ஜிசிசி பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக இணைத்துக் கடைசியில் ஒருமுறை மட்டும் தோராயமாக்கும். கடைசி இலக்கம் மாறலாம். எவ்வளவு மாறலாம் என்பதைக் கணக்கின் இயல்பிலிருந்து கணிக்க வேண்டும். தோற்ற டெஸ்ட் காட்டிய எண்ணைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போடுவது, மாணவன் எழுதிய விடையைப் பார்த்துவிட்டு விடைக்குறிப்பு தயாரிப்பது.

‘அந்தப் புரோசஸரை யார் பயன்படுத்துகிறார்கள்?’ என்ற கேள்விக்கு 2020இல் ஆப்பிள் எம்1 மடிக்கணினியே பதில் சொல்லிவிட்டது. நேற்று ஓரத்தில் இருந்த ஏஆர்எம் இன்று மேசைமேல் இருக்கிறது.

ஸ்கிப் போடுகிறவர், நிரலின் எந்த அனுமானம் எந்த வரியில் உடைந்தது என்பதையும் எழுதட்டும். அதை எழுத முடியாதவர் எதையும் திருத்தவில்லை. அவர் வெளியீட்டுக் குறிப்பில் ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதுவது பொய்க்கணக்கு.