மசாலா தடவிய கோழிப் பொட்டலம்: வாரநாள் இரவுக்கு ஒரு பரீட்சை

கறிக்கோழிக்குப் பெயர் பெற்ற பல்லடம் வட்டத்தில், கோழி பண்ணையை விட்டு வெளியேறும் விலையை ஒருங்கிணைப்புக் குழு நாள்தோறும் அறிவிக்கும் அந்தச் சீமையில், நொய்யல் கரையோரம் இருக்கிறது எங்கள் சாமளாபுரம். 1984-ல் பக்கத்து உடுமலைப்பேட்டையில் சிறிய அளவில் தொடங்கிய சுகுணா நிறுவனம், குஞ்சும் தீவனமும் மருந்தும் தன் பொறுப்பாகவும் கொட்டகையும் உழைப்பும் விவசாயியின் பொறுப்பாகவும் வைத்து வளர்ப்புக் கூலி தரும் முறையைப் பரப்பிய காலத்திலிருந்து, ஏறத்தாழ நாற்பது நாளில் இரண்டு கிலோ எடைக்கு வந்துவிடும் கோழி இங்கே வீட்டுக்கு வீடு பழகிய பண்டம். நம் கண்முன்னே உரித்து, கேட்ட அளவில் வெட்டித் தரும் கறிக்கடைகள் இவ்வளவு இருக்கும் ஊரில், எங்கோ ஓர் ஆலையில் வெட்டி மசாலா தடவி, குளிரூட்டிய பெட்டியில் வைத்து சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் பொட்டலத்துக்கு என்ன அவசியம் என்று கேட்பது நியாயமே.

அதற்கு விடை கடிகாரத்தில் இருக்கிறது. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து, செக்கிங் மேசையருகே பகலெல்லாம் நின்ற கால்களோடு இரவு எட்டரை மணிக்குமேல் கம்பெனி வேனில் வந்து இறங்கும் ஒரு பெண், அதற்குமேல் இஞ்சி பூண்டு உரித்து, சின்ன வெங்காயம் அரிந்து, கறியைக் கழுவி, மசாலா அரைத்து அடுப்பேற்றுவதென்றால், பிள்ளைகள் பசியோடே உறங்கிப் போவார்கள். தறி குடோனில் பாவு அறுந்து அறுந்து வேலை இழுத்தடித்த நாளிலும் இதே நிலைதான். ஆகவே இந்தப் பொட்டலத்தை ஞாயிற்றுக்கிழமைக் குழம்போடு ஒப்பிடுவது பொருந்தாது. களைத்த கைகளுக்கு அரைமணி நேரத்துக்குள் கௌரவமான ஓர் உணவை அது தருகிறதா என்பதே உரைகல் என்று தீர்மானித்து, வெவ்வேறு வகைகளை வாங்கி வீட்டு அடுப்பிலேயே பரீட்சித்தேன்.

கடையில் இவை இரண்டு வகையாக இருக்கின்றன. குளிர்நிலையில் வைத்தது ஒன்று. மைனஸ் 18 டிகிரியில் உறையவைத்தது மற்றொன்று. உறைந்ததை முந்தின இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றியிருக்க வேண்டுமாதலால், திடீரென்று சமைக்க நினைப்பவருக்கு அதனால் பிரயோஜனமில்லை. எதை எடுத்தாலும் முதலில் பார்க்கவேண்டியது தயாரித்த தேதியும் உபயோகிக்கவேண்டிய கடைசி தேதியும். அடுத்தது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண். மூன்றாவது, பலரும் கவனியாமல் விட்டுவிடும் சோடியத்தின் அளவு. பொட்டலம் காற்றேறி உப்பியிருந்தாலும், அடியில் நீர் மிகுதியாகத் தேங்கியிருந்தாலும் அதை எடுக்காதிருப்பதே நலம்.

சமையலில் இதன் சௌகரியம் பிரத்தியட்சமானது. பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவும்போது தெறிக்கும் நீர் கிருமிகளைப் பக்கத்துப் பாத்திரங்களுக்கெல்லாம் பரப்பக்கூடும் என்று உணவுப் பாதுகாப்பு அறிஞர்கள் சொல்லிவருகிறார்கள். பொட்டலத்தைப் பொறுத்தவரை கழுவும் வேலையே இல்லை. அடிகனமான கடாயில் கடலை எண்ணெய் விட்டுச் சூடேற்றி, துண்டுகளை நெருக்கமின்றிப் பரப்பி, முதலில் மூடிவைத்து அதன் நீரிலேயே வேகவிட்டு, பிறகு மூடியை எடுத்துவிட்டு நீர் வற்றும்வரை பிரட்டினால், எலும்புள்ள துண்டுகள் இருபத்தைந்து நிமிஷத்துக்குள் பதமாகின்றன. கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டவேண்டும் என்பது விதி. வெப்பமானி இல்லாத வீட்டில், எலும்பையொட்டிய சதையில் சிவப்பு முற்றிலும் மறையும்வரை இறக்காதிருக்க வேண்டும். தொடைக்கறியும் லெக் பீஸும் தம் கொழுப்பினால் மிருதுவாகவே இருக்கின்றன. எலும்பில்லாத நெஞ்சுக்கறியோ சற்று நேரம் கூடினாலும் வறண்டு நார்நாராகிவிடுகிறது.

ருசியில்தான் தாரதம்மியம் தெரிகிறது. மசாலாவின் காரமும் மணமும் சதையின் மேற்புறத்தில் மிகச் சொற்ப ஆழமே இறங்கக்கூடியவை; ஆழமாக உட்செல்வது உப்பு ஒன்றே. ஆகையால் துண்டில் கீறல் இட்டிருந்த பொட்டலங்களே தேறின. கீறலற்றவை மேலே காரமும் உள்ளே வெறும் கறியுமாக இருந்தன. புளிப்பில் பல நாள் ஊறியவற்றில் சதை தன் கட்டை இழந்து மாவாகிவிடுகிறது. எனவே தயாரித்த தேதி நெருக்கமாக இருப்பதைத் தேர்ந்தெடுப்பதே உசிதம். வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் சேர்ந்து மணக்கும் பள்ளிபாளையம் வறுவலை உண்டு வளர்ந்த நாவுக்கு, மிளகாய்த்தூளையும் இஞ்சி பூண்டு விழுதையுமே நம்பிய இந்தக் கலவை தட்டையாகப் படுவது இயல்பு. ஆனால் எண்ணெயில் இரண்டு வரமிளகாயைக் கிள்ளிப்போட்டு, ஒரு பிடி சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வதக்கிய பின் துண்டுகளைச் சேர்த்தால், இந்தக் குறை பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

உப்பைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டும். 400 மில்லிகிராம் சோடியம் ஒரு கிராம் உப்புக்குச் சமம். நூறு கிராமுக்கு 600 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தால், இருநூறு கிராம் உண்பவர் மூன்று கிராம் உப்பை அந்த ஒரு பதார்த்தத்திலேயே உட்கொண்டுவிடுகிறார். உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்போ ஐந்து கிராமுக்குள். ரத்த அழுத்தமுள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அன்றைய ரசத்திலும் பொரியலிலும் உப்பைக் குறைப்பது கடமையாகிறது.

விலை, கறிக்கடைக் கோழியைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. எடையில் மசாலாவும் அடக்கம் என்பதை மறக்கலாகாது. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரத்தை நிறுத்தும் நாளுக்கு முந்தைய தினம் இதை வாங்கி வைக்கவும் கூடாது.

ஆகவே என் அபிப்பிராயம் இது: நேரமே இல்லாத இரவுகளுக்கு, கீறலிட்ட எலும்புள்ள தொடைக்கறிப் பொட்டலம் வாங்கத் தகுந்தது, அது மிச்சப்படுத்துவது அடுப்பு நேரத்தைவிட, அடுப்புக்கு முந்திய அத்தனை பிரயாசையையும்தான். ஆனால் பிரிட்ஜ் உள்ள வீட்டில், ஞாயிறன்று கறிக்கடையில் கூடுதலாக ஒரு கிலோ வாங்கி, துண்டுகளைக் கீறி, அளவறிந்த உப்பும் மஞ்சளும் நம் மிளகாயும் தடவி, ஒரு வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து உறையவைத்து, சமைப்பதற்கு முந்தின இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிக்கொண்டால், அதே சௌகரியம் பாதி விலையில், நம் ருசியில் கிட்டும். அந்த வேலையை வீட்டிலுள்ள ஆண்களும் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்வார்களேயானால், எட்டரை மணிக்கு வேனிலிருந்து இறங்கும் அந்தப் பெண்ணுக்குப் பொட்டலத்தின் தேவை பெரும்பாலும் இராது. அவ்வாறு பகிர்ந்துகொள்ளும் ஆளில்லாத வீட்டில், இருமடங்கு விலை கொடுத்து அவள் அதை வாங்குவதை வீண்செலவென்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.