நோட்டில் ஏறாத உதவி

கோவைப் பக்கத்து விசைத்தறி ஊரான எங்கள் சோமனூரில் ஒரு பிள்ளைக்குப் பெரிய அடி பட்டுவிட்டது என்றால், மறுநாள் காலைக்குள் யாராவது ஒருவர் கடையில் நாற்பது பக்க நோட்டு வாங்கியிருப்பார். முதல் பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி. அதன் கீழே பிள்ளையின் அப்பா பெயர், தேதி. பிறகு வரிசையாகப் பெயரும் தொகையும். கல்யாண வீட்டில் மொய் எழுதுவது போலவேதான் எழுதுவார்கள். எழுதுகிற கையும் பல சமயம் அதே கைதான். தறிக்குடோன் தறிக்குடோனாகப் போவார்கள். உள்ளே தறிச் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. ஓனரை வாசலுக்குக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை சொல்வார்கள். மூன்றாவது வார்த்தை தேவைப்படாது.

இந்த நோட்டைப் பிடித்துக்கொண்டு நானும் நடந்திருக்கிறேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடியிலிருந்து ஒன்பது வயதுப் பையன் ஒருவன் விழுந்தான். முதுகுத் தண்டுவடத்தில் அடி. அப்பா தறி ஓட்டுகிறவர். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். பத்து நாளில் நோட்டில் தொகை இரண்டு லட்சத்தை நெருங்கியது. வாரக்கூலி வாங்கிய சனிக்கிழமை சாயங்காலம், கூலிக் கவரைப் பிரிக்காமலே அதிலிருந்து ஐந்நூறு ரூபாயை உருவிக் கொடுத்த ஒருவரை இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அவருக்கு அந்தப் பையனின் பெயர்கூடத் தெரியாது.

இந்த வசூல் வழக்கத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் அதன் பலத்தை முழுதாகச் சொல்லியாக வேண்டும். அது விரைவானது என்பது வெளியே தெரிகிற பலம். அதைவிடப் பெரிய பலம் ஒன்று உண்டு: எப்படி அடிபட்டது என்று அது கேட்பதில்லை.

அரசும் சட்டமும் அதைத்தான் முதலில் கேட்கின்றன. அதே பையன் கருமத்தம்பட்டி நால்ரோட்டில் வண்டி மோதி விழுந்திருந்தால், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசமாகக் கிடைத்திருக்கும். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருக்கலாம். அடிபட்ட பிள்ளைகளின் இழப்பை எப்படிக் கணக்கிடுவது என்று உச்ச நீதிமன்றம் நன்றாகவே யோசித்திருக்கிறது. 2013-இல் மல்லிகார்ஜுன் வழக்கில், நிரந்தர ஊனத்தின் அளவுக்கேற்ப 1 லட்சத்திலிருந்து 6 லட்சம் வரை வகுத்தது. 2020-இல் காஜல் வழக்கில் அதையும் தாண்டிப் போனது. 12 வயதில் விபத்துக்குள்ளாகி, வாழ்நாள் முழுக்கப் பிறர் துணையில்லாமல் இருக்க முடியாத நிலைக்கு வந்துவிட்ட பெண்ணுக்கு, மொத்தம் 62 லட்சத்துக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது. அதில் 21 லட்சத்துக்கு மேற்பட்ட தொகை அவளைப் பார்த்துக்கொள்கிற ஆட்களுக்கானது. கவனித்துக்கொள்வதும் ஓர் உழைப்பு, அதற்கும் கூலி உண்டு என்று ஒரு நீதிமன்றம் கணக்குப் போட்டுக் காட்டியது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆனால் இவையெல்லாம் ரோட்டில் அடிபட்ட பிள்ளைக்கு. சொந்த வீட்டு மாடியிலிருந்தோ, மரத்திலிருந்தோ விழுந்த பிள்ளைக்கும், கொதிக்கும் குழம்பு மேலே கொட்டிய பிள்ளைக்கும் தீர்ப்பாயம் கிடையாது. அடி ஒன்றுதான், வலி ஒன்றுதான். எங்கே விழுந்தான் என்பதை வைத்து அந்தக் குடும்பத்தின் விதி மாறிவிடுகிறது. ஊர் நோட்டில் அந்தப் பாகுபாடு இல்லை.

இன்னொன்று. விசைத்தறித் தொழிலாளிக்கு வேறு பிடிமானமும் குறைவு. இ.எஸ்.ஐ. இருந்தால் குடும்பத்துக்கே மருத்துவம் உண்டு. சிங்காநல்லூரில் பெரிய ஆஸ்பத்திரியே இருக்கிறது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடத்துக்கு அந்தச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. எட்டுத் தறி, பத்துத் தறி போட்டுக் கூலிக்கு நெய்கிற குடோனில் இருப்பதே இரண்டு மூன்று ஆட்கள்தான். சரி, இ.எஸ்.ஐ. இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தொழிலாளிக்கு உடம்புக்கு முடியாவிட்டால் விடுப்புச் சம்பளம் கிடைக்கும். பிள்ளைக்கு அடிபட்டு அவர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிற நாட்களுக்கு ஒன்றுமில்லை. இப்படி அறுந்து கிடக்கிற இடத்தில் ஒரு கை வந்து பிடிக்கிறது என்றால், அது இந்த நோட்டுதான்.

2017 செப்டம்பர் 7 அன்று எங்கள் பேருந்து நிலையத்தின் கான்கிரீட் கூரை விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அந்த நாளை மறக்காத ஊர் இது. அடிபட்டவரை நின்று பார்த்துவிட்டுப் போகிற ஊர் அல்ல. அதனால்தான் இனிச் சொல்லப்போவதை மனத்தாங்கலோடு சொல்கிறேன்.

கையில் பணம் இருந்ததே அந்தக் குடும்பத்துக்கு ஒரு விதத்தில் வினையாயிற்று. சேர்த்த நோட்டுக்கட்டுகளை எடுத்துக்கொண்டு முதல் வாரம் நாங்கள் ஆஸ்பத்திரிக் கவுண்டருக்கும் மருந்துக் கடைக்கும் ஓடிக்கொண்டே இருந்தோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர அவர்களுக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதார், இவ்வளவுதான் வேண்டும். காப்பீட்டு அட்டை இருக்கிறதா, இல்லாவிட்டால் யார் போய் எடுப்பது என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். நாங்கள் பத்துப் பேர் வசூலுக்குப் போனோம். ஒருவர்கூடத் தாலுகா ஆபீசுக்குப் போகவில்லை. அட்டை கைக்கு வந்தபோது வசூலில் பாதிக்கு மேல் கரைந்திருந்தது. அந்தப் பத்துப் பேரில் நானும் ஒருவன்.

இதைத் தனிப்பட்ட மறதி என்று ஒதுக்கிவிட முடியவில்லை. வழக்கத்தின் இயல்பிலேயே இந்தக் குறை இருக்கிறது. வசூலுக்குப் போவது கண்ணுக்குத் தெரிகிற உதவி. நாலு பேர் சேர்ந்து போகலாம், போனதற்கு அடையாளமாக நோட்டில் எண் ஏறும். வருமானச் சான்றுக்கு வரிசையில் நிற்பது தனியாகச் செய்கிற வேலை. அதற்கு நோட்டில் இடமே இல்லை.

நோட்டு யார் வீட்டில் தொடங்குகிறது என்பதும் முக்கியம். பங்காளிகள், குலதெய்வக் கோயில் வகையறா, சாதிச் சங்கம், ஒரே குடோன் ஆட்கள் என்று அது உள்வட்டத்திலிருந்து வெளியே விரிகிறது. உள்வட்டம் இல்லாதவருக்குத் தொடங்கி வைக்க ஆள் இல்லை. லைன் வீடுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. தென் மாவட்டங்களிலிருந்து வந்து பத்து வருஷமாக இங்கேயே தறி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைக்கு அடிபட்டபோது நோட்டு வாங்கியதை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் அந்தக் குடோன் ஓனர் தானே முன்நின்றதால். சட்டம் எங்கே விழுந்தான் என்று கேட்கிறது. நாம் வாய்விட்டுக் கேட்காமலே யாருடைய பிள்ளை என்று பார்த்துவிடுகிறோம்.

இப்போது நோட்டோடு வாட்ஸ்அப்பும் சேர்ந்துவிட்டது. மூக்கில் குழாய், தலையில் கட்டு, கண் மூடிய பிள்ளையின் படம். கீழே ஜிபே எண். படம் எவ்வளவு பதற வைக்கிறதோ அவ்வளவு பணம் வரும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இதன் ஆற்றலை மறுக்கவில்லை. 2021-இல் நம்மைப் போலவே விசைத்தறி ஊரான குமாரபாளையத்தில், மரபணு நோய் வந்த ஒரு குழந்தையின் 16 கோடி ரூபாய் மருந்துக்கு ஊர் உலகமெல்லாம் பணம் அனுப்பியது. இறக்குமதி வரியை மத்திய அரசு தள்ளுபடி செய்தது. ஆனால் அந்த மாதிரிப் படம் ஒருமுறை கைமாறிவிட்டால் திரும்பாது. எங்கள் தெருப் பையன் தன் படத்தை ஒரு வருஷம் கழித்துப் பக்கத்து வீட்டு அக்காவின் போனில் பார்த்தான். “இது நானாக்கா?” என்று கேட்டுவிட்டு அப்புறம் அன்று முழுக்கப் பேசவில்லை. அந்தப் படத்தை அனுப்புவதற்கு முன்னால் யாரும் யாரையும் கேட்டிருக்கவில்லை.

ஆனாலும் என் பெரிய மனக்குறை காலத்தைப் பற்றியது. வசூல் முதல் பத்து நாளுக்கு வருகிறது. குடும்பம் ஒடிவது ஆறாவது மாதம். தண்டுவடத்தில் அடிபட்ட பிள்ளையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் படுக்கைப் புண் வரும். ஒரு ராத்திரியில் நான்கு தடவை எழுந்திருக்க வேண்டும். சிறுநீர் தானாகப் போகாததால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் வைத்து எடுக்க வேண்டும். தினமும் கால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி. இதை ஒரு தாய் ஒரு நாள் தவறாமல், வருஷக்கணக்காகச் செய்கிறாள். அவள் வேலை போயிற்று, அவள் போட்ட சீட்டு நின்றது, மகளிர் குழுவில் வாங்கிய கடன் மட்டும் வாராவாரம் வந்து கதவைத் தட்டியது. நான் பார்க்கப் போயிருந்தபோது அந்தம்மா சொன்னது: “பணத்துக்கு அன்னிக்கு ஒண்ணும் கொறை வெக்கலீங்ண்ணா. எல்லாரும் வந்தாங்க. இப்ப ராத்திரி ஒரு பொழுது நான் அசந்து தூங்கோணும், அதுக்குத்தான் ஆளில்லீங்க.”

தறி நின்றால் நோட்டும் நின்றுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூலி உயர்வு கேட்டு 2022-இல் ஒரு மாதத்துக்கு மேலும், 2025-இல் மீண்டும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் ஓடவில்லை. கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே தொழிலில் இருக்கிற ஊரில், எல்லாருக்கும் ஒரே நாளில்தான் கை வறண்டு போகும்.

வேறு வழி இல்லையா? வாளையாரைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் இருக்கிறது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சை இயக்கம் பிறகு மலப்புரம் பக்கத்து ஊர்களில் அக்கம்பக்கத்தார் வலைப்பின்னலாக விரிந்தது. அங்கேயும் சின்னச் சின்னத் தொகைகளாக உள்ளூரிலேயே பணம் சேர்க்கிறார்கள். வேறுபாடு என்னவென்றால், தொண்டர்களிடம் வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது கேட்கிறார்கள். கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர் என்று பயிற்சி எடுத்துக்கொண்டு படுக்கையில் இருப்பவரின் வீட்டுக்குப் போகிறார்கள்.

தமிழ்நாட்டிலேயே, கோவையோடு தொட்ட கதை ஒன்றும் உண்டு. கோவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த எஸ். ராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் பெங்களூரு போன இடத்தில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர் 1981-இல் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, ஊனமுற்ற பிள்ளைகளின் வீடு தேடி அனுப்புகிற முறையை அங்கே வளர்த்திருக்கிறார்கள். தாய்க்குக் கற்றுக்கொடுப்பதும், அவள் தளர்ந்துபோகாமல் பார்ப்பதும் அந்த வேலையில் அடக்கம்.

அரசுப் பக்கத்திலும் கதவுகள் இருக்கின்றன. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. கடுமையான பாதிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவி உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதிகத் துணை தேவைப்படுகிறவரைக் கவனித்துக்கொள்பவருக்கான படியைப் பற்றியும் பேசுகிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ், மருத்துவக் குழு, தேதி, திரும்ப ஒரு தேதி. நடக்க முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சோமனூரிலிருந்து கோவைக்கு எத்தனை தடவை போவது? பஸ்ஸில் போக முடியாது. காருக்கு வாடகை வேண்டும். அப்பா ஒரு நாள் கூலியை விட வேண்டும்.

அந்த நாற்பது பக்க நோட்டிலேயே கடைசிப் பத்துப் பக்கத்தை இதற்கு ஒதுக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்னார், புதன்கிழமை, கோவைக்குக் கார். இன்னார் வீட்டுப் பெண், வெள்ளிக்கிழமை ராத்திரி துணைக்கு. இன்னார், சான்றிதழ் வேலை முழுக்க அவர் பொறுப்பு. சேர்ந்த பணத்தில் பாதியை எடுத்து வைத்து, ஆறாவது மாதத்திலிருந்து மாதாமாதம் கொடுக்கலாம். கணக்கைக் குடும்பத்துக்கு வெளியே இரண்டு பேர் பார்க்கட்டும். இதற்குப் புதிதாக ஒரு சங்கம் வேண்டாம். சீட்டு நடத்தத் தெரிந்த ஊருக்கு இது கஷ்டமே இல்லை.

செய்தவர்கள் இல்லாமல் இல்லை. அந்தப் பையனின் அப்பா வேலை செய்த குடோனில் வாரம் பகல், வாரம் ராத்திரி என்று ஷிப்ட் மாறும். ஓனர் அவரை நிரந்தரமாகப் பகலுக்கு மாற்றினார். அதற்காக இன்னொரு தொழிலாளி தொடர்ந்து ராத்திரி ஷிப்ட் பார்க்கச் சம்மதித்தார். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பையனின் தங்கச்சியை வைத்துக்கொண்டது லைன் வீட்டில் இருந்த ஓர் ஒடிசாக்காரப் பெண். மூன்று வாரம் சோறு போட்டு, தலை வாரி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறாள். நோட்டில் இந்த மூன்று பேரின் பெயருக்கு எதிரே எழுத ஒரு தொகை இல்லை. அதனால் அந்தப் பெண்ணின் பெயர் நோட்டிலேயே இல்லை.

பையன் திரும்பப் பள்ளிக்கூடம் போவதற்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. அவன் வகுப்பு மாடியில் இருந்தது. மதியம் குழாய் வைக்க அம்மா வந்து போக மறைவாக ஓர் இடமும் வேண்டும். ஒரு நாள் நாங்கள் மூன்று பேர் போய்த் தலைமையாசிரியரைப் பார்த்தோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அடுத்த திங்கட்கிழமை அந்த வகுப்பையே கீழ்த்தளத்துக்கு இறக்கினார். ஸ்டோர் ரூமில் ஒரு திரை போட்டுக் கொடுத்தார். “முன்னாடியே வந்து சொல்லியிருக்கலாமுங்களே” என்றார்.