இரவல் கொடுக்க முடியாத புத்தகம்

அச்சுப் புத்தகம் சிறந்ததா, மின்னூற் கருவி சிறந்ததா என்னும் வாதம் அலோர் காஜா வட்டாரத்திலும் புகுந்துவிட்டது. கடேக், டுரியான் துங்கல், மஸ்ஜித் தானா, புலாவ் செபாங் முதலிய இடங்களில் தமிழ் படிக்கும் இளைஞர்கள் கைப்பேசியிலும் கிண்டிலிலும் படிக்கத் தலைப்பட்டிருக்கின்றனர். பெரியவர்களோ புதுத்தாளின் வாசனையைப் பற்றியும், ஏட்டைப் புரட்டும் சுகத்தைப் பற்றியும் பேசுகின்றனர். வாசனை வாதத்தை நாம் தொடக்கத்திலேயே தள்ளிவிடுகிறோம். புத்தகத்தை முகர்வதிலும் பூசிப்பதிலும் தமிழன் என்றுமே குறை வைத்ததில்லை. சரசுவதி பூசையன்று வீட்டிலுள்ள புத்தகங்களை அடுக்கிச் சந்தனமிட்டு, அன்று மட்டும் அவற்றைத் தொடலாகாது எனப் பிள்ளைகளுக்குக் கட்டளையிடுகிறோம். கல்விக்கென ஒரு தெய்வத்தை வைத்து, அத்தெய்வத்தின் திருநாளில் படிப்பை நிறுத்தியவர்கள் நாம்!

ஓலைக்கும் இதே மரியாதை கிடைத்தது. சுவடிகளைப் பரணில் ஏற்றி வணங்கினார்கள். சிதைந்தபோது ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டார்கள். சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஊர் ஊராகத் தேடியெடுத்து அச்சேற்றிய பின்னரே பழந்தமிழ் நூல்கள் பொதுச்சொத்தாயின. சீவக சிந்தாமணி அச்சானது 1887-ல். ஆயினும் அச்சுக்கலை தமிழுக்கு வந்ததோ அதற்கு வெகுகாலம் முன்னரே. கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சான ஆண்டு 1578. இந்தியர் தடையின்றி அச்சகம் நடத்த வழி திறந்ததோ 1835-ஆம் வருஷத்துச் சட்டத்தினால். கருவி பிறந்ததற்கும் அது நம் கைக்கு எட்டியதற்கும் இடையே 257 வருஷங்கள் கழிந்தன! மின்னூலைப் பற்றிப் பேசும்போதும் கருவியின் அழகைவிட அதன் பூட்டு யாரிடம் இருக்கிறது என்பதையே முதலிற் கேட்க வேண்டும்.

நம் தோட்டங்களில் அச்செழுத்து எப்படிப் பரவிற்று? ‘தமிழ் நேசன்’ 1924-லும், ‘தமிழ் முரசு’ 1935-லும் தோன்றின. ஒருவர் வாங்கிய பத்திரிகையை லயத்தில் ஒருவர் உரக்கப் படிப்பார். எழுத்தறியாத பால்மரத் தொழிலாளரும் சுற்றி அமர்ந்து கேட்பர். கிராணியார் வீட்டில் புறப்பட்ட நாவல் பத்து வீடு சென்று அட்டையிழந்து திரும்பும், திரும்பாமலும் போகும். 1929-ன் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது விதைத்த கருத்துகள் அவர் பேச்சைக் கேளாதாரிடமும் சென்றதற்கு, இவ்வாறு கைமாறிய தாள்களும் ஒரு காரணம். வாங்கியவர் ஒருவர், பயனடைந்தவர் பலர். அச்சுப் புத்தகத்தின் உண்மையான பெருமை இதுவே.

கிண்டிலின் வசதிகளை நாம் மறுக்கவில்லை. 2016 முதல் தமிழ் நூல்கள் அதில் விற்பனைக்கு வந்தன. அதன் மின்மைத் திரை கைப்பேசியைப்போல் கண்ணைக் கூசச் செய்யாது. பார்வை மங்கிய முதியவர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். நூறு நூல்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தம்பின் புகைவண்டிக்குக் காத்திருக்கலாம். ஆனால் விலை கொடுத்தவர் புத்தகத்தை வாங்கினாரா? இல்லை, படிக்கும் அனுமதியை மட்டுமே பெற்றார். 2009 ஜூலையில், விற்றவருக்கு உரிமையில்லை என்று கண்டறிந்த அமேசான் கம்பெனி, ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ என்னும் நாவலை வாங்கியோர் கருவிகளிலிருந்தே அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பித் தந்தார்கள், பின்னர் வருத்தமும் தெரிவித்தார்கள் என்பது மெய்யே. எனினும், விற்ற புத்தகத்தை வீடு புகுந்து எடுத்துச் செல்லும் கடைக்காரனை நம் பாட்டன்மார் கண்டதுண்டா? வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிச் சேமிக்க இருந்த வழியையும் 2025 பிப்ரவரியில் அடைத்தார்கள். அடுத்த வீட்டுப் பையனுக்கு இரவல் தர வேண்டுமானால் கருவியையே கழற்றிக் கொடுக்க வேண்டும்.

இதனால் காகிதமே கதி என்று கொள்ளவும் இயலாது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மலாயாவின் பெருந்தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டன. அத்துயரின் விளைவாகவே 1960-ல் துன் சம்பந்தனார் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்தைக் காலி செய்து லாரியேறிய குடும்பங்கள் அம்மியை ஏற்றின. புத்தகப் பெட்டியை ஏற்றினவா? எஞ்சியதைக் கரையானும் ஈரமும் தின்றன. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே பிரதியாக ஓரிடத்தில் இருப்பது எதுவும் பத்திரமன்று.

பூட்டில்லாத மின்னூலின் அருமை இங்கேதான் விளங்கும். சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல தேசத்துத் தமிழர் கூலியின்றித் தட்டச்சிட்டு நூல்களைத் தந்திருக்கின்றனர். ஈழத்தவரின் நூலகம் என்னும் இணைய நூற்களஞ்சியம் 2005 முதல் நடக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகமும் பழம்பதிப்புகளைப் படம்பிடித்துத் தந்துள்ளது. இவற்றை ஆயிரம் பேருக்கு அனுப்பினாலும் மூலம் குறையாது.

குறைகளையும் சொல்லவேண்டும். படம்பிடித்த பக்கங்கள் சிறு திரையில் எறும்பு ஊர்வதுபோல் தோன்றும். எழுத்தைப் பெருக்கினால் வரி திரையைவிட்டு ஓடும். பழைய ணா, லை வடிவங்களும் இன்றைய மாணவரைத் தடுக்கின்றன. பெரியார் 1935-ல் ‘குடி அரசி’ல் கையாண்டு, 1978-ல் தமிழ்நாட்டரசு ஏற்ற சீர்திருத்த வடிவமே இவர்கள் பள்ளியிற் கற்றது. தட்டச்சிட்ட நூலில் அத்தொல்லையில்லை. ஆனால் தட்டச்சிட்டதற்கும் ஓர் ஆபத்துண்டு: மதுரைத் திட்டத்தின் ஆரம்பக் கோப்புகள் தஸ்கி என்னும் குறிமுறையில் இருந்தன, ஒருங்குறிக்கு மாற்றியிராவிடில் இன்று அவை வெறுங் கிறுக்கல்களாகவே தெரியும். ஓலையைப் படியெடுத்ததுபோல் கோப்பையும் தலைமுறைக்கொருமுறை படியெடுத்தாக வேண்டும்.

ஆகவே பழைய இலக்கியத்தை விலையின்றி மின்னூலாகக் கொள்ளுங்கள். நம் நாட்டு எழுத்தாளரின் புதிய நூலையோ அச்சிலேயே வாங்குங்கள். பலர் கைப்பணம் போட்டுச் சில நூறு பிரதிகளே அச்சிடுகின்றனர், அது விற்றாலன்றி அடுத்த நூல் பிறவாது. எழுத்தாளருக்கும் ஒரு கேள்வி உண்டு. பிரதிகள் விற்றுத் தீர்ந்து, மறுபதிப்புக்கும் வழியில்லாதபோது, நூலைப் பூட்டில்லாமல் இணையத்தில் விட ஏன் தயங்குகிறீர்கள்? உரிமைத்தொகை போய்விடும் என்கின்றனர். எந்தக் கடையிலும் கிடைக்காத புத்தகத்திலிருந்து வரும் உரிமைத்தொகை எவ்வளவு என்று அவர்கள் சொன்னால் நலம்.